இரத்தினசிங்கம் பி.ஏ.யின் இன்சூரன்ஸ் ஒத்திகை

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்துத் திருகோணமலையில் வேலையில்லாத ஒருத்தனைத் தேடிப் பிடிப்பதென்றால் பெரும்பாடு. துறைமுகம் நிறையக் கப்பல். நேவிக்காரன் ஆள் கிடைக்காமல் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தான். மண் சுமக்க, பெயின்ற் அடிக்க, கிழங்கு உரிக்க, எல்லாத்துக்கும் ஆள் வேணும். இரத்தினசிங்கத்தோடு படித்து ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெடியன்களெல்லாம் காக்கிக் களுசான் போட்டுக்கொண்டு, பேணியில் அடைத்த மீனைக் கக்கத்தில் இடுக்கியபடி வீட்டுக்கு வருவான்கள். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேணி மீன் தின்பதில் அப்படியொரு பெருமை!

அந்த ஊரில் வேலையில்லாமல் திரிந்த ஒரே ஆள் நம்முடைய இரத்தினசிங்கம். காரணம், அவன் பி.ஏ.

பகிடி இல்லை, உண்மைதான். துறைமுகத்து டொக்யாட்டுக்குப் போய் வேலை கேட்டான். வாசலில் நின்ற கங்காணி, "என்ன படிச்சனீர்?" என்றான். "பி.ஏ." என்று சொன்னதுதான் தாமதம், அந்த மனுசன் பதறிப்போய் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, "எங்களிட்ட மண்வெட்டி பிடிக்கிற வேலைதான் தம்பி இருக்கு, உங்களை அதுக்கு விட்டா எனக்குப் பாவம் வரும்" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டான். கொழும்பில் ஒரு கப்பல் கொம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனான். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். அவன் பாட்டன் காலத்தில் இருந்து தொடங்கி, தகப்பன் கலியாணம் கட்டுகிற இடத்துக்கு வருவதற்குள் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்னொரு கொம்பனியில் மரியாதைக்காகக் கதிரையின் நுனியில் இருந்தான். கதிரையும் அவனும் சேர்ந்து விழுந்தார்கள். என்னத்தைச் சொல்ல!

தனக்கு வேலையில்லை என்பது அவனுக்குப் பெரிய கவலையில்லை. அவன் கவலை அக்கா.

அக்கா கோணேஸ்வரி பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் இருந்தாள். தாயும் தகப்பனும் போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவளுடைய புருஷன் கதிரவேல் கடலில் பட்ட பாட்டில்தான் இவன் கொழும்புக்குப் போய் யூனிவர்சிற்றிக் கொலிச்சில் படித்தான். அத்தான் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அத்தானுடைய தாய் இலட்சுமி இருக்கிறாவே, அவவுக்கு வாய் சும்மா கிடக்காது. மீன் வெட்டும்போதும், கோழிக்குத் தீன் போடும்போதும், "படிச்சவர் எங்க? பி.ஏ. எங்க? இண்டைக்கும் சைக்கிள்ல காத்து வாங்கத்தான் போயிட்டாரோ?" என்பா. அவ கேட்பது இவனை. காதில் வாங்குவது அக்கா. அந்தப் பேச்சை எப்படியாவது நிறுத்தவேணும் என்பதுதான் இரத்தினசிங்கத்தின் ஒரே ஆசை.

இந்த நேரத்தில்தான் கொழும்பில் இருந்து ஒரு இன்சூரன்ஸ் கொம்பனி திருகோணமலையில் கந்தோர் திறக்கப்போகிறது, அதுக்குப் பட்டம் பெற்ற ஒருத்தனைத் தேடுகிறது, பெரிய துரையே நேரில் வந்து ஆளெடுக்கப்போகிறார் என்ற கதை வந்தது. இரத்தினசிங்கம் மனுப் போட்டான். வரச்சொல்லிவிட்டார்கள். இதுவும் தவறிப்போனால் கொழும்பில் தெரிந்த ஒருவரின் புடவைக்கடையில் துணி அளந்து கொடுக்கவேண்டியதுதான்.

"இந்த முறை கதிரையில இருந்து விழ நான் விடமாட்டன் மச்சான்," என்றான் றஊப்.

றஊப் அவனோடு ஒன்றாய் வளர்ந்த கூட்டாளி. நேவி ஒப்பிசர்மார் சாப்பிடுகிற இடத்தில் பரிமாறுகிற வேலை. வெள்ளைக்காரன் எப்படி இருப்பான், எப்படிச் சிரிப்பான், எந்த முகத்தோடு பேசினால் சூப்பில் உப்பில்லை என்று அர்த்தம், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஒவ்வொரு பின்னேரமும் தன் வீட்டு மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரையாக இருந்துகொண்டு இரத்தினசிங்கத்தைப் பிழிந்து எடுத்தான்.

"உள்ள வா. ஐயையோ, என்னடா பள்ளிவாசலுக்குப் போறவன் மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு வாறாய்? வெளியில போ. திரும்பி வா. ஓம், இப்பிடி. இரு. முழுசா இரு. கதிரை கொம்பனிக்காரன்ர, உடைஞ்சா அவனுக்குத்தான் நட்டம். இப்ப சொல்லு, இன்சூரன்ஸ் எண்டா என்ன?"

இரத்தினசிங்கம் கொம்பனிக்காரர் அனுப்பிய சிறு புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தான். ஒரு மனுசன் வருஷா வருஷம் கொஞ்சம் கட்டவேணும், அவன் கண்ணை மூடினால் கொம்பனி பெண்சாதி பிள்ளைகளுக்கு மொத்தமாய்க் கொடுக்கும், கண்ணை மூடாமல் குறித்த வயது வரை இருந்தால் அவன் கையிலேயே கொடுக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். யுத்தகாலத்துக்கு என்ன விதி, கடற்தொழிலாளிக்கு என்ன விதி, எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

"இதெல்லாம் சரி. துரை கேக்கப்போறது வேற. 'இப்ப எனக்கு இதை வித்துக் காட்டு' எண்டு கேப்பான். வில்லு பாப்பம்."

இரத்தினசிங்கம் விற்றான். றஊப் கொட்டாவி விட்டான். மறுபடி விற்றான். றஊப் எழும்பிப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தான்.

"நான் சுவர் மச்சான். எனக்கு வித்து உனக்கு என்ன வரப்போகுது? உண்மையான சனத்திட்டப் போய் வித்துப் பழகு."

முதலில் சிகையலங்காரக் கடைக்குப் போனான். சவரம் நடந்துகொண்டிருக்கும்போதே, "அண்ணை, நீங்கள் திடீரெண்டு செத்துப்போனா வீட்டில என்ன செய்வினம்?" என்று தொடங்கினான். சவரக்கத்தி அவன் தொண்டைக்குழியில் வந்து நின்றது. "இன்னொருக்காச் சொல்லும் தம்பி," என்றார் அவர், வலு சாந்தமாய். இரத்தினசிங்கம் பாதி முகச் சவரத்தோடு வீட்டுக்கு வந்தான்.

சொல்லுகிற விதத்தில்தான் பிழை, மரியாதையான தமிழில் சொன்னால் ஆருக்கும் கோபம் வராது என்று அவனுக்குள் ஒரு எண்ணம். இரவிரவாய் யோசித்து, புத்தகத்தில் இருந்த இங்கிலீசை வைத்து ஒரு வசனம் அமைத்தான். "அம்மணி, தங்கள் கணவர் கடலுக்குச் சென்று திரும்பி வராத பட்சத்தில், தாங்களும் தங்கள் பிள்ளைகளும் என்ன செய்வீர்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?" சொல்லிச் சொல்லிப் பார்த்தான். கேட்கக் கேட்க அவனுக்கே கண் கலங்கியது. இதை அக்காவிடம் சொல்லிக் காட்டவேணும் என்று முடிவெடுத்தான்.

அட, பி.ஏ. மூளையே!

விடிந்ததும் கோட்டை மாட்டி, றஊப் எங்கேயோ வாங்கித் தந்த நேவிச் சப்பாத்தைக் காலில் கொளுவிக்கொண்டு சைக்கிளில் சல்லிக்குப் போனான். சப்பாத்து இரண்டு அளவு பெரிது. நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும். கடற்கரையில் ஒரு தோணி இழுத்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. சரி, அத்தான் கரைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

அக்கா முற்றத்தில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியில் பாதி கல். இலட்சுமி மாமி அங்காலே கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தா.

"அக்கா, இண்டைக்கு நீங்கள் என்ர வாடிக்கைக்காரி. சிரிக்கக்கூடாது. நான் கொம்பனி ஆள் வந்து கதைக்கிற மாதிரிக் கதைப்பன். கேளுங்கோ."

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "சரி துரை, சொல்லுங்கோ."

இரத்தினசிங்கம் கோட்டை இழுத்து விட்டான். தொண்டையைச் செருமினான். றஊப் பழக்கிய மாதிரித் தலையை நிமிர்த்தினான். தன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல், முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. சுளகு மடியில் இருந்து சரிந்தது. பொறுக்கிய அரிசியும் பொறுக்காத அரிசியும் மண்ணில் ஒன்றாய்க் கொட்டின.

"அட கொள்ளையில போவானே!" என்று வந்தா இலட்சுமி மாமி, கையில் கோழிக்கூட்டுத் தடியோடு. "தண்ணிக்குப் போன மனுசன் இன்னும் கரைக்கு வரேல்லை, வாசல்ல வந்து நிண்டு என்ன கதையடா கதைக்கிறாய்?"

"அத்தான் வந்திட்டார்தானே மாமி... தோணி நிக்குதே..."

"அது பக்கத்து வீட்டுத் தம்பையான்ர தோணியடா கண்கெட்டவனே! அவன் காய்ச்சலில கிடக்கிறான். என்ர பிள்ளை கடலில!"

இரத்தினசிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கரையில் ஆள் தண்ணியில் நிற்கும்போது, "எப்ப வருவார்" என்றுகூட ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வராவிட்டால் என்ற சொல்லை எதிரிகூட வாயில் எடுக்கமாட்டான். பால்குடி மறந்த நாளில் இருந்து அவனுக்குத் தெரிந்த விஷயம் அது. அதிலும் அவனும் அக்காவும் பிறந்த வீட்டில் நன்றாகவே தெரிந்த விஷயம். அவர்களுடைய ஐயா அப்படியொரு விடியற்காலையில் போனவர்தான், வரவில்லை.

"அக்கா," என்றான்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து மண்ணில் கிடந்த அரிசியை அள்ளிக்கொண்டிருந்தாள். மாமி ஏசியது அவனுக்கு ஒன்றுமேயில்லை, அக்கா பேசாமல் இருந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

விடியமுன்னம் கதிரவேலோடு கடலுக்குப் போன மற்றத் தோணிகள் ஒவ்வொன்றாய்க் கரைக்கு வந்தன. கதிரவேலின் தோணி வரவில்லை. கப்பல்கள் வந்ததில் பிரிந்துவிட்டோம், பிறகு காணவில்லை என்றார்கள். வெயில் ஏறியது. இலட்சுமி மாமி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தா. இரத்தினசிங்கத்துக்கு உள்ளே போகவும் ஏலாது, ஊருக்குத் திரும்பவும் ஏலாது. கரையில் கோட்டோடு நின்றான்.

"அந்தக் கண்டறியாத கோட்டைக் கழட்டடா! கரிக்காகம் மாதிரி நிக்கிறாய்!" என்று கத்தினா மாமி. கழற்றினான். "அந்தச் சப்பாத்தையும்!" அதையும் கழற்றினான். அம்மனுக்கு நேர்ந்தான், பிள்ளையாருக்கு நேர்ந்தான், அதுவும் போதாதென்று றஊப் கும்பிடுகிற அல்லாவையும் கூப்பிட்டான். இன்சூரன்ஸ் கொம்பனி இடிந்து விழட்டும், துரை வந்த வழியே திரும்பிப் போகட்டும், புடவைக்கடையில் சாகும் வரைக்கும் துணி அளக்கிறன், அத்தான் மட்டும் வந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பெடிச்சி, "அந்தா!" என்றாள்.

தோணி வந்தது. கதிரவேல் துடுப்பை எறிந்துவிட்டுக் குதித்து, கரையில் அவ்வளவு சனம் நிற்பதைக் கண்டு திகைத்துப்போனான். நடந்தது வேறொன்றுமில்லை. கப்பல்கள் வரிசையாய்த் துறைமுகத்துக்குள்ளே போகிற வழியில் இவன் தோணி அகப்பட்டுக்கொள்ள, நேவிக்காரன் சின்னப் படகில் வந்து அசையக்கூடாது என்று மறித்து வைத்துவிட்டான். கடைசிக் கப்பலும் போய், இவனை விட்ட நேரம் காற்று விழுந்துபோனது. துடுப்பு வலித்து வலித்து வந்து சேர இவ்வளவு நேரம். மறித்த பாவத்துக்கு அந்த நேவிக்காரன் ஒரு பேணி பிஸ்கற் கொடுத்திருந்தான்.

மாமி மகனைக் கட்டிப் பிடித்து அழுது, அழுது முடிந்ததும் நடந்ததெல்லாம் ஒன்றும் விடாமல் கோள் மூட்டினா. கேட்டுக்கொண்டிருந்த கதிரவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னைக் கொல்லுறதுக்கு ஒரு பி.ஏ.யோ வேணும்? எங்க அவன்? வாடா இஞ்ச. இப்ப நான் கரையில நிக்கிறன். இப்ப கேள், என்னட்டையே கேள்."

"வேண்டாம் அத்தான்."

"கேளடா! இல்லாட்டித் தூக்கிக் கடலில போடுவன்."

இரத்தினசிங்கம் வெறுங்காலோடு நனைந்த மணலில் நின்றுகொண்டு, வசனமும் மண்ணாங்கட்டியும் இல்லாமல் வாயில் வந்த தமிழில் சொன்னான். ஊரே சுற்றி நின்று பிஸ்கற் தின்றுகொண்டு கேட்டது. கதிரவேல் அதைக் கேட்டான், இதைக் கேட்டான். ஒரு கட்டத்தில் மாமி குறுக்கே வந்தா. "என்ர பிள்ளை கிழவனாகும் வரைக்கும் இருந்தா அந்தக் காசு?"

"அத்தான்ர கையிலயே குடுப்பினம் மாமி."

"அப்ப அதையல்லோடா மூதேசி முதல்ல சொல்லியிருக்கோணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. புருஷனுக்குத் தண்ணி வார்த்தாள், மீனைக் கடகத்தில் அள்ளினாள், தம்பியைத் தாண்டி வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவன் வந்தபோதெல்லாம் சோறு போட்டாள். ஒரு சொல் கதைக்கவில்லை.

நேர்முக நாளன்றும் அக்கா வரவில்லை. அவன் எந்தச் சோதனைக்குப் போனாலும் அக்கா தன் கையால் திருநீறு பூசி அனுப்புவது வழக்கம். அன்றைக்கு அத்தான்தான் சந்திக்கு வந்து, வாழையிலைத் துண்டில் மடித்த திருநீற்றைத் தந்தான். "அம்மன் கோயில்ல எடுத்தது. உன்ர அக்காதான் தந்து விட்டவள். கதைக்கத்தான் மாட்டாளாம்." இரத்தினசிங்கம் தானே பூசிக்கொண்டான்.

நேர்முகம் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்தது. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் பெரிய துரை, வெள்ளைக்காரர், மெலிந்த மனுசன், நரைத்த தலை. மற்றவர் கொழும்புக் கந்தோரில் அவருக்கு அடுத்தபடியான பாக்கியரத்தினம். அந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி தளராத ஆள். பேச்செல்லாம் இங்கிலீசில்.

இரத்தினசிங்கம் தலை நிமிர்ந்து போனான். கதிரையில் முழுசாய் இருந்தான். சப்பாத்துக் கீச்சிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. பாக்கியரத்தினம் கேட்ட விதிமுறைக் கேள்விகளுக்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொன்னான். அவர் துரையைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். வேலை கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டது.

அப்போது துரை வாய் திறந்தார். "நான் ஒரு தகப்பன் என்று வைத்துக்கொள்ளும். எனக்கு ஒரே மகன். அவன் ஒரு சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அவன் பேரில் ஒரு காப்புறுதி எனக்கு விற்றுக் காட்டும்."

அட, இதற்காகவே செய்து வைத்த வசனமல்லவா! மகன் என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும். இரத்தினசிங்கம் வாயைத் திறந்தான். மண்ணில் கொட்டிய அரிசியும் குனிந்த அக்காவின் முதுகும் கண்ணுக்கு முன்னால் வந்தன. திறந்த வாய் அப்படியே நின்றது.

"சேர், உங்கள் மகனுடைய கப்பல் இப்போது எங்கே?"

"கடலில்."

"அப்படியென்றால் இன்றைக்கு விற்கமாட்டேன்."

பாக்கியரத்தினத்தின் பேனை மேசையில் விழுந்தது. "விற்கமாட்டீரா?"

"இல்லை சேர். எங்கள் கரையில் ஆள் தண்ணியில் நிற்கிறபோது அந்த வீட்டில் போய் இந்தக் கதை கதைக்கக்கூடாது. மகன் கரைக்கு வரட்டும். வந்த அன்றைக்கே நான் வாசல் படலையில் நிற்பேன். உங்களிடம் கேட்கமாட்டேன், அவரிடமே கேட்பேன்."

"அதற்குள் வேறு கொம்பனிக்காரன் போய் விற்றுவிடுவானே?"

"அவனை அந்த வீட்டுக்குள் இரண்டாம் முறை விடமாட்டார்கள் சேர். நான் ஒரு முறை போய்ப் பார்த்தவன். கோழிக்கூட்டுத் தடியோடு வருவார்கள்."

பாக்கியரத்தினம் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் துரையைப் பார்த்தார். துரை சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தபடி கனநேரம் இருந்தார். பிறகு, "நன்றி. நீர் போகலாம்," என்றார்.

"விக்கச் சொன்னா விக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தியா!" றஊப் தலையிலடித்துக்கொண்டான். "எத்தினை நாள் மினக்கெட்டனான்டா உன்னோட! அல்லாவே, சப்பாத்துக்காவது மரியாதை தந்திருக்கலாமே!"

இரத்தினசிங்கம் சல்லிக்குச் சைக்கிளை மிதித்தான். இது கொடுக்கவேண்டிய செய்தி, ஒளிக்க ஏலாது. அக்கா குசினி வாசலில் நின்றாள். நடந்ததை அப்படியே சொன்னான். துரை கேட்டது, தன் வாய் நின்றது, தான் சொன்னது, துரை யன்னலைப் பார்த்தது. "இதுவும் போச்சுது அக்கா," என்று முடித்தான்.

அக்கா குசினிப் படியால் இறங்கி அவனுக்குக் கிட்ட வந்தாள்.

"அப்பிடியோ சொன்னனீ?"

"ஓம்."

"துரைக்கு முன்னால?"

"ஓம் அக்கா."

அவள் கண் நிறைந்துவிட்டது. சீலைத் தலைப்பால் துடைத்தாள். "வா, கையைக் கழுவு. பாரைமீன் குழம்பு. விடியத்தொட்டு ஒண்டும் தின்னாம நிக்கிறாய், முகத்தைப் பார் முகத்தை." கதை தொடங்கியதும் நிற்கவேயில்லை. அவன் தின்று முடியும் வரைக்கும் அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். வேலை போனால் போகட்டும் என்று அந்தச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அவனுக்கு உண்மையாகவே தோன்றியது.

ஆனால் வேலை போனது போனதுதானே. மாரி வந்தது, கடல் பொங்கியது, தோணிகள் கரையேறின. கொழும்பில் இருந்து சத்தமேயில்லை. கச்சேரிக்குப் பக்கத்து வீட்டில் கொம்பனிக்காரர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. இலட்சுமி மாமிக்கு ஏசுவதற்குப் புதிதாய் ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "விக்கமாட்டன் எண்டவர் வாறார், வழி விடுங்கோ!" என்பா. முன்பெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொள்ளுவாள். இப்போது, "ஓம் மாமி, விக்கமாட்டன் எண்டுதான் சொன்னவன், அதுக்கு என்ன?" என்று நிமிர்ந்து நிற்பாள். அதைப் பார்க்கச் சைக்கிளில் வரலாம், அவ்வளவு வடிவு.

தைப்பொங்கல் முடியக் கொழும்புக்குப் போய்ப் புடவைக்கடையில் சேருவது என்று முடிவானது. றங்குப் பெட்டியும் கட்டியாயிற்று. பயணம் சொல்ல அவன் சல்லிக்கு வந்து முற்றத்தில் இருந்த அன்றைக்கு, மணல் ரோட்டில் ஒரு கார் புதைந்து புதைந்து வந்தது. கோழிகள் எல்லாப் பக்கமும் பறந்தன. காருக்குள் இருந்து இறங்கியவர் பாக்கியரத்தினம். கழுத்துப்பட்டி முதல்முறையாகத் தளர்ந்திருந்தது.

"தம்பி, உம்மைத் தேடி ஊரெல்லாம் அலைஞ்சு வாறன். நேவிக்காரற்ற சாப்பாட்டுச் சாலையில வேலை செய்யிற உம்முடைய கூட்டாளிதான் வழி சொன்னவர்."

இரத்தினசிங்கம் எழும்பி நின்றான். மாமி தடியைக் கீழே வைத்தா.

"எனக்கு அண்டைக்குத் தெரியாது," என்றார் பாக்கியரத்தினம். "துரை சும்மா உவமைக்குக் கேட்டார் எண்டுதான் நானும் நினைச்சனான். அவருக்கு உண்மையாவே ஒரு மகன். ஒரே மகன். சரக்குக் கப்பலிலதான். எங்க நிக்குதெண்டு ஒரு தகவலுமில்லாம மாசக்கணக்காய் இருந்தது. அவர் அதை ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை."

மாமி கிட்ட வந்து நின்றா. கதிரவேல்கூட வலை பொத்துவதை நிறுத்திவிட்டான்.

"திருகோணமலைக்கு ஆரைப் போடுறது எண்டு நான் ஒவ்வொருக்காக் கேக்கேக்கையும், 'இப்ப இல்லை' எண்டுபோடுவார். ஏன் சேர் எண்டு கேட்டா, 'அந்தப் பெடியன் சொன்னது நினைவில்லையா? ஆள் தண்ணியில நிக்குது, இந்த வீட்டில அந்தக் கதை வேண்டாம்' எண்டார். எனக்கு விசர் பிடிக்காத குறை. நேற்றுப் பின்னேரம் கூப்பிட்டார். மனுசன் அழுறார், சிரிக்கிறார். மகன்ர கப்பல் வந்திட்டுதாம். வந்து நிக்கிறது எங்க தெரியுமோ? இஞ்ச, திருகோணமலையில. 'கந்தோர்ப் பூட்டின்ர திறப்பை அந்தப் பெடியன்ர கையில குடு. மகன் கரைக்கு இறங்கிற நேரம் படலையில நிப்பன் எண்டு சொன்னவன், போய் நிக்கட்டும்' எண்டு சொல்லி என்னை ராத்திரி ரயில் கோச்சியிலயே ஏத்திவிட்டார்."

களுசான் பையில் இருந்து அந்தப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினார். இரத்தினசிங்கம் கையை நீட்டவில்லை. அக்காதான் வந்து, இரண்டு கையாலும் அதை வாங்கி, கண்ணில் ஒற்றி, தம்பியின் கையில் வைத்து மூடினாள். குசினிக்குள்ளே ஓடிப்போய்த் திருநீறு கொண்டுவந்து, அழுதுகொண்டே அவன் நெற்றி நிறையப் பூசினாள்.

"கெதியாய் வாரும் தம்பி, துரையின்ர மகன் இறங்கிற நேரம்," என்று பாக்கியரத்தினம் அந்தரப்பட்டார். இரத்தினசிங்கம் ஒரு சப்பாத்தைக் கொளுவி, மற்றதைத் தேடிக் காணாமல், அதையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு காருக்கு ஓடினான்.

"நில்லடா!" என்று இலட்சுமி மாமி கத்தினா.

எல்லாரும் நின்றார்கள். மாமி முற்றத்தைக் கடந்து காரடிக்கு வந்தா. "துரையின்ர மகன் கரைக்கு இறங்கியாச்சோ? வடிவாய்த் தெரியுமோ?"

"இறங்கிக்கொண்டிருக்கிறார் அம்மா," என்றார் பாக்கியரத்தினம்.

"அப்ப இன்னும் இறங்கேல்லை." மாமி இரத்தினசிங்கத்தின் கையைப் பிடித்தா. "இஞ்ச பாரடா. அந்தப் பிள்ளையின்ர ரெண்டு காலும் மண்ணில பட்டதை உன்ர கண்ணால பார். பாத்த பிறகு போய்க் கேள்."